காலனிக் காலத்தில் மதுரை ஆஸ்பத்திரியை நடத்தியவர் யார்: அரசா, நகராட்சியா, நன்கொடையாளரா?

கேள்வி: மேலூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மேலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். எங்கள் மாணவர்கள் மதுரைப் பெரியாஸ்பத்திரியைப் பற்றி ஒரு கண்காட்சி அமைக்க விரும்புகிறார்கள். 1940இல் எர்ஸ்கின் மருத்துவமனை என்ற பெயரில் அமைந்ததும், 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி அதனோடு இணைந்து தொடங்கியதும், பின்னர் அது இராஜாஜி மருத்துவமனை என்று பெயர் மாறியதும் எளிதாகக் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய எழுபது ஆண்டுகளைப் பற்றித்தான் எனக்குக் குழப்பம்.

பழைய நகராட்சி அறிக்கைகளில் ஆஸ்பத்திரிச் செலவு நகராட்சிக் கணக்கில் வருகிறது. ஆனால் அங்கே பணியாற்றிய மருத்துவரை மாற்றும் ஆணை சென்னையிலிருந்து வருகிறது. கட்டடங்களைப் பற்றிய குறிப்புகளிலோ ஜமீன்தார்களின் பெயர்களும் வணிகர்களின் பெயர்களும் காணப்படுகின்றன. அப்படியானால் ஒரு மாவட்டத் தலைநகரின் பொது மருத்துவமனையை உண்மையில் நடத்தியவர் யார்? மருந்துக்கும் நோயாளியின் சோற்றுக்கும் யார் பணம் கொடுத்தார்கள்? அன்றாட வேலையை யார் செய்தார்கள்? மாணவர்களுக்குப் பிழையின்றிச் சொல்ல வேண்டும் என்பதால், அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: நகராட்சிக் கணக்கர் (ஓய்வு), வடக்குவெளி வீதி

வணக்கம் அம்மா. நீங்கள் பார்த்த மூன்றும் உண்மைதான். பணம் ஓரிடத்திலிருந்தும் ஆணை வேறிடத்திலிருந்தும் வரும்படியாகவே அந்த ஏற்பாடு இருந்தது. அது எப்படி உருவானது என்பதைக் கணக்குப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஏனென்றால் அக்கால ஆஸ்பத்திரியின் வரலாறு பெரும்பாலும் வரவு செலவுக் கணக்கின் வரலாறே என்பது என் கருத்து.

வைஸ்ராய் மேயோ பிரபு 1870 டிசம்பரில் ஒரு தீர்மானம் வெளியிட்டார். சிறை, காவல், கல்வி, பத்திரப் பதிவு, சாலை ஆகியவற்றோடு மருத்துவத் துறையையும் மாகாண அரசுகளிடம் ஒப்படைத்து, அவற்றுக்கென ஒரு நிலையான தொகையையும் கொடுத்து, அதற்கு மேல் தேவைப்படுவதை உள்ளூரிலேயே திரட்டிக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். சென்னை அரசு அடுத்த ஆண்டே இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று நகர்ப்புறத்துக்கானது, மற்றொன்று கிராமப்புறத்துக்கான உள்ளூர் நிதிச் சட்டம். நிலத்தின் ஆண்டு வருமான மதிப்பில் ரூபாய்க்கு ஓரணா வரை தீர்வைக்கு மேலாக ஒரு வரி விதிக்க இந்த இரண்டாவது சட்டம் இடம் கொடுத்தது. சாலையும் பள்ளியும் மருந்தகமும் அந்த ஓரணாவிலிருந்து நடக்க வேண்டியிருந்தது. மானாவாரியில் கம்பும் சோளமும் விதைத்த திருமங்கலத்து விவசாயி கட்டிய வரியில்தான் நம் வட்டாரத்து மருந்தகங்கள் பல நடந்தன. கண்காட்சியின் முதல் பலகையிலேயே இதை எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மதுரை நகராட்சி அதற்கு முன்பே, 1866 நவம்பரில் அமைந்துவிட்டது. தொடக்கத்தில் நகராட்சி என்றால் கலெக்டர் தலைமை தாங்கும் குழுதான். உறுப்பினர்கள் நியமனம் பெற்றவர்கள். ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானமும், அதைத் தொடர்ந்து 1884இல் வந்த மாவட்ட நகராட்சிச் சட்டமும் உள்ளாட்சி வாரியச் சட்டமும் தேர்தலுக்கு வழி திறந்தன. அப்போதும் ஆஸ்பத்திரி விஷயத்தில் அதிகாரம் பெரிதாக இடம் மாறவில்லை. மருத்துவ அலுவலர்கள் சென்னையில் இருந்த சர்ஜன் ஜெனரலின், அதாவது மாகாண மருத்துவத் துறைத் தலைவரின் ஆட்கள். அவர்களை நியமிப்பதும் மாற்றுவதும் தணிக்கை செய்வதும் அவரே. அவர்களுடைய சம்பளத்துக்கான பங்களிப்பையும் மருந்துச் செலவையும் உணவுச் செலவையும் கட்டடப் பராமரிப்பையும் உள்ளாட்சி அமைப்பு ஏற்க வேண்டும். ஒரு மருத்துவரைப் பிடிக்கவில்லை என்றால் நகராட்சி தீர்மானம் போட்டுச் சென்னைக்கு அனுப்பலாம். அதற்கு மேல் செய்ய முடியாது. அதே போல, கூடுதலாக இருபது படுக்கைகள் வேண்டும் என்று மருத்துவர் எழுதலாம். நகராட்சியில் பணம் இல்லையென்றால் அந்தக் கடிதம் கோப்பிலேயே தங்கிவிடும்.

இந்தப் பிளவு ஓரளவு சரியானது 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்குப் பிறகுதான். மருத்துவ நிர்வாகமும் பொதுச் சுகாதாரமும் உள்ளாட்சியும் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய இந்திய அமைச்சர்களிடம் வந்தன. சென்னை மாகாணத்தில் அந்தப் பொறுப்பை ஏற்ற பனகல் அரசர்தான் 1921 முதல் 1926 வரை முதலமைச்சராகவும் இருந்தார். நம் பெரியாஸ்பத்திரி நிற்கும் சாலைக்குப் பனகல் சாலை என்று பெயர் இருப்பதை மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டுங்கள். மாவட்டத் தலைநகர மருத்துவமனைகளை மாகாண அரசே படிப்படியாகத் தன் செலவில் ஏற்றுக்கொண்டதும், தாலுகா மருந்தகங்கள் உள்ளாட்சியிடமே நின்றதும் இந்தக் கட்டத்தின் போக்கு.

மறுமொழி: மருந்தாளுநர் (ஓய்வு), திண்டுக்கல்

கணக்கர் ஐயா பணத்தைப் பற்றித் தெளிவாக எழுதிவிட்டார். அன்றாட வேலையை யார் செய்தார்கள் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். என் தொழிலின் முன்னோடிகளைப் பற்றிய கேள்வி என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாவட்டத்தின் தலைமை மருத்துவர் பெரும்பாலும் இந்திய மருத்துவப் பணி என்ற அதிகாரிகள் அணியைச் சேர்ந்தவர். அதாவது, அடிப்படையில் இராணுவ மருத்துவர். அந்தப் பணிக்கான போட்டித் தேர்வு 1855 முதல் லண்டனில் நடந்தது. இந்தியர் எழுதத் தடை இல்லை என்றாலும் கப்பலேறிச் சென்று எழுதக்கூடியவர்கள் மிகச் சிலரே. அவருக்கு ஆஸ்பத்திரி ஒன்று மட்டும் பொறுப்பன்று. ஐரோப்பிய அதிகாரிகளையும் அவர்களுடைய குடும்பத்தையும் பார்க்க வேண்டும். பல மாவட்டங்களில் சிறைக்கும் அவரே கண்காணிப்பாளர். வழக்கு தொடர்பான பிரேதப் பரிசோதனைக்கும் நீதிமன்றச் சாட்சியத்துக்கும் போக வேண்டும். தாலுகா மருந்தகங்களைச் சுற்றிப் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். அக்கால மதுரை மாவட்டம் பழனி மலையடிவாரத்திலிருந்து இராமேசுவரம் வரை நீண்டது. 1910இல்தான் இராமநாதபுரம் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1875இல் இரயில் மதுரைக்கு வந்த பிறகும், இருப்புப்பாதையை விட்டு விலகிய ஊர்களுக்கு மாட்டு வண்டிதான். ஆகவே தலைமை மருத்துவர் வார்டில் நின்ற நேரம் குறைவு.

ஆஸ்பத்திரியை நகர்த்தியவர்கள் அவருக்குக் கீழே இருந்தவர்கள். அசிஸ்டென்ட் சர்ஜன், அப்பாத்திக்கரி (துணை மருத்துவர்), ஹாஸ்பிடல் அசிஸ்டென்ட், மருந்து கலக்கும் கம்பவுண்டர், புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெசர், வார்டு ஆள், சமையற்காரர், தோட்டி என்று அந்த வரிசை இறங்கும். ஹாஸ்பிடல் அசிஸ்டென்ட் என்பவர் சில ஆண்டுகள் படித்துத் தேர்ச்சி பெற்ற தமிழர் அல்லது தெலுங்கர். சிறு ஊர்களின் மருந்தகத்தில் அவரே மருத்துவர், அவரே கணக்காளர், அவரே அம்மை குத்துபவரைக் கண்காணிப்பவர். காலையில் புறநோயாளிகள் வரிசையில் நிற்பார்கள். பெயர், வயது, சாதி அல்லது மதம், நோய் என்று பதிவேட்டில் எழுதி, சீட்டைக் கம்பவுண்டரிடம் கொடுத்தால், அவர் ஜாடியிலிருந்து மிக்ஸர் என்ற மருந்துக் கலவையை ஊற்றி நோயாளி கொண்டுவந்த புட்டியில் நிரப்புவார். தர்மாஸ்பத்திரி என்று மக்கள் சொன்னதற்கு ஏற்ப ஏழைகளுக்குக் கட்டணம் கிடையாது. பதிவேட்டிலிருந்து மாதந்தோறும் ஒரு அறிக்கை மேலே போகும். அந்த எண்ணிக்கை குறைந்தால் மருந்தகத்தின் தேவையே கேள்விக்குள்ளாகும் என்பதால், பதிவேட்டுக்கு இருந்த முக்கியத்துவம் மிகப் பெரிது.

மருந்து வந்த வழியும் அறியத்தக்கது. சென்னையிலிருந்த அரசு மருந்துக் கிடங்குக்கு ஆண்டுக்கு ஒரு முறை தேவைப்பட்டியல் அனுப்ப வேண்டும். அதை இண்டெண்ட் என்பார்கள், இன்றும் அப்படித்தான் சொல்கிறோம். ஆண்டின் நடுவில் காலரா வந்து இருப்புத் தீர்ந்தால் உள்ளூர்க் கொள்முதலுக்கு நகராட்சியின் ஒப்புதல் வேண்டும். காய்ச்சலுக்குச் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் கொய்னா முதன்மை மருந்து. நீலகிரியில் 1860களிலேயே சிங்கோனா பயிரிட்டு, நடுவட்டத்தில் தொழிற்சாலையும் அமைத்ததால் அது மட்டும் நம் மாகாணத்திலேயே கிடைத்தது. அம்மைப் பாலுக்கு, அதாவது அம்மைத் தடுப்பு மருந்துக்கு, கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் நிலையம் பின்னாளில் கைகொடுத்தது.

ஒரு குறிப்பு. ஆண்டு அறிக்கைகளில் மருத்துவமனைகளை ஆறு வகுப்பாகப் பிரித்திருப்பதைப் பார்ப்பீர்கள்: அரசுப் பொது மருத்துவமனை முதல் வகுப்பு, காவல் போன்ற துறைகளுக்கான அரசு மருத்துவமனை இரண்டாவது, உள்ளாட்சி நிதியில் நடப்பது மூன்றாவது, அரசு உதவி பெறும் தனியார் மருத்துவமனை நான்காவது, உதவி பெறாதது ஐந்தாவது, இரயில்வே ஆறாவது. மாவட்டப் பட்டியலை எடுத்தவுடன் மூன்றாம் வகுப்பின் நீளத்தைப் பாருங்கள். நடத்தியவர் யார் என்ற உங்கள் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே இருக்கிறது. நான்காம் வகுப்புக்கு எங்கள் ஊரே எடுத்துக்காட்டு. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் செஸ்டர் 1860களிலிருந்து பல பத்தாண்டுகள் திண்டுக்கல்லில் நடத்திய மருந்தகத்துக்கு உள்ளூர் நிதியிலிருந்து பணம் வந்தது. அரசு தனியாக ஒன்று கட்டுவதைவிட, நடக்கும் ஒன்றுக்கு உதவுவது மலிவு என்று கருதியது.

மறுமொழி: செவிலியர், கோரிப்பாளையம்

இருவரும் எழுதியவற்றை ஏற்கிறேன். ஆனால் யாருக்காக நடந்தது என்பதைச் சொல்லாமல் யார் நடத்தினார்கள் என்பதை மட்டும் சொல்வது போதாது என்று நினைக்கிறேன். உள்நோயாளியாகச் சேர்வது அக்காலக் குடும்பத்துக்குப் பெரும் தயக்கம். பிறர் சமைத்ததை உண்ண வேண்டும், பிற சாதியாரின் அருகில் படுக்க வேண்டும், ஆண் மருத்துவர் பெண்ணைத் தொட வேண்டும். இந்தத் தயக்கத்தை நிர்வாகம் எதிர்கொண்ட விதம் என்னவென்றால், சாதி வேறுபாட்டை அப்படியே சுவருக்குள் கொண்டுவந்தது. தனிச் சமையற்காரர், தனி அறை, தனி வார்டு என்று செலவு கூடியது. சென்னையில் 1885இல் மேரி ஷார்லீப் முன்னின்று தொடங்கிய பெண்கள் மருத்துவமனையின் பெயரிலேயே சாதியும் கோஷாவும் (பெண்கள் முகத்திரையிட்டு ஒதுங்கியிருக்கும் வழக்கம்) இருந்தன. பெண்கள் உள்ளே வந்தார்கள் என்பது அதன் பயன். எந்தப் பெண்கள் வர முடியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தோட்டி வேலை செய்தவர்கள் இல்லாமல் ஒரு நாள்கூட நடந்திருக்காத நிறுவனத்தில், அவர்களுடைய குடும்பத்தார் நோயாளியாக வந்தபோது கடைசியில் நின்றார்கள்.

டஃபரின் பிரபுவின் மனைவி பெயரால் 1885இல் அமைந்த நிதி, பெண் மருத்துவர்களையும் தாதியரையும் மருத்துவச்சிகளையும் பயிற்றுவிப்பதற்கானது. மதுரையில் அந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்பியது அமெரிக்க மிஷன். ஹாரியட் பார்க்கர் 1895இல் இங்கே வந்து பல பத்தாண்டுகள் பெண்களுக்கான மருத்துவமனையை நடத்தினார். அரசு ஆஸ்பத்திரியில் செவிலியர் எண்ணிக்கை எப்போதும் மிகக் குறைவு. நோயாளியோடு வந்த உறவினரே முதுகைத் துடைத்து, கஞ்சி ஊட்டி, இரவில் விழித்திருந்தார்கள். இந்தியாவின் மருத்துவ வசதிகளை ஆராய்ந்த ஜோசப் போர் (Bhore) தலைமையிலான குழு 1946இல் அளித்த அறிக்கைப்படி, அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் ஏறத்தாழ 43,000 பேருக்கு ஒரு செவிலியர்; 6,300 பேருக்கு ஒரு மருத்துவர்; ஆயிரம் பேருக்கு 0.24 படுக்கை. மருத்துவரின் எண்ணையும் செவிலியரின் எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உறவினரின் உழைப்பை நம்பியே அந்த நிர்வாகம் கணக்குப் போட்டது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மறுமொழி: மேலூர் ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செவிலியர் அம்மா எழுதிய உறவினரின் உழைப்பு எனக்குத் தோன்றாத ஒன்று. அதற்கென ஒரு பலகையே வைக்கப் போகிறோம். இன்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. செல்வந்தர்கள் அத்தனை தாராளமாகக் கொடுத்திருக்கும்போது, மருந்துக்கும் உணவுக்கும் பணம் போதவில்லை என்ற முறையீடு ஆண்டுதோறும் எப்படி வந்தது?

மறுமொழி: கல்வெட்டு வாசகர், உசிலம்பட்டி

இந்தக் கடைசிக் கேள்விதான் இந்த விஷயத்தின் மையம் என்று கருதுகிறேன். நன்கொடை கட்டடத்துக்கு வந்தது. அன்றாடச் செலவுக்கு வரவில்லை. கவர்னர் வருகை, அரசியாரின் ஆண்டு விழா, இளவரசரின் பயணம் ஆகியவற்றை ஒட்டிக் கலெக்டர் ஒரு பட்டியலைச் சுற்றுக்கு விடுவார். ஜமீன்தாரும் நகரத்தார் பெருவணிகரும் கையெழுத்திடுவார்கள். வார்டு எழும்பும், கல்லில் பெயர் பொறிக்கப்படும். அதற்கு மறு மாதத்திலிருந்து அந்த வார்டுக்கு விளக்கெண்ணெய் யார் தருவது, துணி வெளுப்பவருக்குக் கூலி யார் தருவது என்ற பொறுப்பு நகராட்சியின் தலையில் விழும். வார்டு பெரிதாகப் பெரிதாகத் தட்டுப்பாடும் பெரிதானது. மிஷன் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். 1888இல் வந்த ஃபிராங்க் வான் ஆலன் மதுரையில் எழுப்பிய மருத்துவமனைக் கட்டடத்துக்குப் பணத்தின் பெரும்பகுதியை இந்த மாவட்டத்து மக்களே கொடுத்தார்கள். நடத்தும் செலவுக்கோ அவர் தொடர்ந்து உழைக்க வேண்டியிருந்தது.

நம் பழைய அறக்கொடை முறையோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். காஞ்சிபுரத்துக்கு அருகில் திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திரன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே நடந்த ஆதுலர்சாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, 15 படுக்கைகள். ஒரு மருத்துவர், ஒரு அறுவை மருத்துவர், மூலிகை கொண்டுவர இருவர், பணிவிடைப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு எத்தனை கலம் நெல், எத்தனை காசு என்பதும், நோயாளிக்கு அரிசியும், இரவு விளக்குக்கு எண்ணெயும், ஆண்டு முழுவதற்கும் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயரும் அதில் வரிசையாக வருகின்றன. அது மிகச் சிறிய மருத்துவமனை. அதைக் கொண்டு ஒரு மாவட்டத்தைக் காப்பாற்ற முடியாது. ஆனால் கொடுத்தவர் கட்டடத்தைக் கொடுத்ததோடு நிற்காமல், அதை என்றும் நடத்துவதற்கான வருவாயையும் சேர்த்தே எழுதி வைத்தார். மங்கம்மாள் சத்திரத்தைப் பார்த்து வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு இந்த முறை புதிதன்று. அதே மக்கள் ஆஸ்பத்திரி என்று வந்தபோது கல்லுக்கு மட்டும் கொடுத்ததற்குக் காரணம், அதன் நிர்வாகத்தில் அவர்களுக்கு இடம் இல்லாமல் போனதே என்பது என் முடிவு. சத்திரத்தின் சாவி கொடுத்தவரின் குடும்பத்திடம் இருந்தது. ஆஸ்பத்திரியின் சாவி சென்னையில் இருந்தது.

அரசும் தன் பங்கில் சிக்கனத்தையே முதன்மையாக வைத்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று இந்திய அரசு அனுப்பிய பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் வகுத்தபோது, சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் உடல் உழைப்புக்கு அது போதாது என்று மருத்துவக் காரணங்களோடு எழுத்திலேயே எதிர்த்தார். வாதாடிய பிறகே அளவு உயர்ந்தது. ஒரு மாகாணத்தின் மூத்த மருத்துவ அதிகாரியே நிதியோடு இப்படிப் போராட வேண்டியிருந்தது என்றால், மேலூர் மருந்தகத்தின் ஹாஸ்பிடல் அசிஸ்டென்ட் கூடுதல் கொய்னா கேட்டு எழுதிய கடிதத்துக்கு என்ன வலிமை இருந்திருக்கும் என்று மாணவர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

மறுமொழி: நகராட்சிக் கணக்கர் (ஓய்வு), வடக்குவெளி வீதி

உசிலம்பட்டி நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நோய் தடுப்பும் நோய் தீர்ப்பும் ஒரே நகராட்சிப் பணப்பையில் போட்டியிட்டன. சித்திரைத் திருவிழாவுக்கோ பழனிக்கோ கூட்டம் சேரும் காலத்தில் காலரா பரவினால், குடிநீர், கழிவகற்றல், தற்காலிகக் கொட்டகை ஆகியவற்றுக்கு உடனே செலவிட வேண்டும். அந்தப் பணம் பெரும்பாலும் வேறு தலைப்பிலிருந்து வெட்டப்பட்டது. கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்த கலெக்டர் பிளாக்பர்ன் காலத்திலிருந்தே, நகரைச் சுத்தமாக வைப்பதே பெரிய மருத்துவம் என்ற எண்ணம் அதிகாரிகளிடம் இருந்தது. 1809 முதல் 1811 வரை மதுரை, திண்டுக்கல், கோவை, திருநெல்வேலிப் பகுதிகளை அழித்த காய்ச்சலின் நினைவு அதற்கு ஒரு காரணம். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்தச் சுவர் இடிப்பில் பணியாற்றியவர்களின் பெயர்கள்தாம். 1920களில் பொதுச் சுகாதாரத் துறை தனித் தலைமையின் கீழ் மாவட்டச் சுகாதார அதிகாரிகளோடு வளர்ந்தது. 1939இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும் வந்தது. அப்படி இருந்தும் 1930களில் கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் நீடித்தது என்பதை மறக்க வேண்டாம்.

மூல ஆவணம் பார்க்க விரும்பினால், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளாட்சி, நகராட்சித் துறையின் அரசாணைகளை முதலில் கேளுங்கள். மருத்துவத் துறைக் கோப்புகளை அதற்குப் பிறகு பாருங்கள். நகராட்சியின் ஆண்டறிக்கை ஏதாவது ஒன்றில் ஆஸ்பத்திரித் தலைப்பை எடுத்து, சம்பளம், மருந்து, உணவு, கட்டடம் என்ற நான்கையும் மாணவர்களே கூட்டி, நபர் ஒன்றுக்கு எத்தனை அணா வந்தது என்று வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் எனக்கு ஓய்வுதான். பழைய கணக்குத் தலைப்புகளைப் படித்துக் காட்ட ஆள் வேண்டுமென்றால் பள்ளிக்கே வந்து உதவுகிறேன்.